பூ வெச்சு நிறுத்துன பாலு

எழுபத்தி மூணோ நாலோ, சரியா ஞாபகம் இல்லீங்க. ஆனா சித்திரை மாசம்ன்றது நல்லா ஞாபகம் இருக்கு. ஆரணியில எங்க தெருவுல அந்த மாசம் வெயிலும் ஜாஸ்தி, தறிச் சத்தமும் ஜாஸ்தி. வைகாசியில முகூர்த்தம் வரிசையா வரும். ஊருல இருக்கற கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் எங்க வூட்டு சேலைக்குத்தான் காத்துகினு இருக்கற மாதிரி கடைக்காரங்க ஜல்தி ஜல்தின்னு பறப்பாங்க.

எனக்கு அப்பதான் தலைச்சன் பொறந்து மூணு மாசம். பொண்ணு. அம்மா வூட்டுல இருந்து வந்த கையோட தறியில உக்காந்துட்டேன். இன்னமோ நான் பெரிய நெசவுக்காரின்னு நெனச்சிடாதீங்க. கரை ஒரு கலரு, உடம்பு ஒரு கலருன்னு வர சேலைக்கு தறியில ரெண்டு ஆளு வேணும். எங்க வூட்டுக்காரரு நெய்வாரு, நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா, அதான் நூலு ஓடற கட்டை, அதைத் தள்ளணும். நான் எழுந்தா அவரும் கையக் கட்டிகினு உக்காந்துக்கணும். கல்யாணம் ஆன புதுசுல, ஜோடிப் பொருத்தம்னு இதைத்தான் சொல்றாங்க போலன்னு நெனச்சுகினு இருந்தேன்.

கொழந்த தூளியில கெடக்கும். அது அழுதா நான் எழுந்து போவணும். நான் எழுந்தா தறி நின்னுடும். தறி நின்னா எங்க அத்தைக்கு, மாமியாரத்தான் சொல்றேன், மூச்சு நின்னுடும். "இப்பத்தானடி குடுத்த, அதுக்குள்ளயா? உம் பாலு தண்ணி மாதிரி இருக்குது, அதான் புள்ளைக்குப் பத்தல"ன்னுவாங்க. அதே வாயால மறுநாளு, "பாலு ரொம்ப கனம் போல, புள்ளைக்கு செரிக்கல"ன்னுவாங்க. என் பாலு தண்ணியா கனமான்னு கடைசியில எனக்கே தெரியாமப் போயிடுச்சு.

ஒழுங்கா உக்காந்து குடுக்க எடமும் கெடையாது. முன்னறையில தறி. கடை ஆளுங்க வந்துகினும் போய்கினும் இருப்பாங்க. அடுப்படியில புகை, பின்பக்கம் போனா கொசு. முந்தானைய இழுத்து மூடிகினு, எவன் வூட்டுலயோ திருட வந்தவ மாதிரி அவசர அவசரமா குடுப்பேன். கொழந்த பாதி வயிறு, நான் பாதி உசுரு.

ஒரு நாளு தறியில இருக்கறேன், புள்ள அழுவுது. "கரையில இந்த ஒரு பூ முடிஞ்சுடட்டும், அப்பறம் போ"ன்னாரு இவரு. சரின்னு நாடாவத் தள்ளிகினே குனிஞ்சு உக்காந்திருந்தேன். பாலுக்குக் காது உண்டுன்றது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. புள்ள சத்தம் கேட்டதும் அதுவா சுரந்து, ரவிக்கைய நனைச்சு, சொட்டு சொட்டா சேலை மேல வுழுந்துடுச்சு. அரக்குக் கலரு முகூர்த்தப் பட்டு. தொடைக்கத் தொடைக்க பெருசாச்சே தவிர கறை போவல.

மறுநாளு கடை ஆளு வந்து நெய்ஞ்ச வரைக்கும் தடவிப் பாத்தாரு. "இன்னாம்மா இது?"ன்னாரு. நான் வேர்வைன்னு சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அத்தை உள்ளதைச் சொல்லிட்டாங்க. அந்த மனுசன் வெக்கப்பட்டுகினு செவுத்தப் பாத்து பேசுனாரு. "கல்யாணப் பொண்ணு கட்டப்போற சேலைங்க. இன்னொரு சொட்டு வுழுந்தா முதலாளி திருப்பி அனுப்பிடுவாரு. புள்ளைக்கு டின் பாலு குடுங்களேன், இப்ப எல்லாரும் அதான குடுக்கறாங்க. எங்க முதலாளி வூட்டுப் புள்ளைங்க எல்லாம் அதுலதான் வளந்துச்சு."

டின்னு வூட்டுலயே இருந்துச்சு. நான் பிரசவத்துக்குப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில, இஸ்திரி புடவ கட்டிகினு டின் பாலு கம்பெனி அம்மா ஒருத்தங்க வந்து கட்டிலுக்கு ஒண்ணுன்னு சும்மா குடுத்துட்டுப் போனாங்க. அது எங்க அலமாரியில சாமி படத்துக்குப் பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. டின்னு மேல ஒரு கொழந்த படம். கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. நான் அதைப் பாப்பேன், தூளியில இருக்கறதைப் பாப்பேன், அப்பறம் குனிஞ்சு என்னைப் பாத்துக்குவேன். குத்தம் எங்க இருக்குதுன்னு புரிஞ்சுபோன மாதிரி இருக்கும்.

"சேலை முடிஞ்சு தறியில இருந்து அறுக்கற வரைக்கும்தான். அப்பறம் நீயே குடுத்துக்கோ"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. தறிய நிறுத்தி வெச்சா வுட்ட எடத்துல இருந்து மறுபடி ஓட்டலாம் இல்லையா? பாலும் அப்படித்தான்னு நாங்க மூணு பேரும் நெனச்சோம். நெசவுக்காரங்க புத்தி, வேற இன்னா சொல்றது.

பாலு நிக்கறதுக்கு எங்க பக்கம் மல்லிப்பூ வெச்சுக் கட்டுவாங்க. அத்தை முழம் முழமா வாங்கியாந்து மாருல வெச்சு, மேல துணியப் போட்டு இறுக்கிக் கட்டிவுட்டாங்க. ஊருல எல்லாரும் பூவ தலையில வெச்சுக்குவாங்க, நான் ரவிக்கைக்குள்ள வெச்சுகினு தறியில உக்காந்திருந்தேன். தெருவே மணந்துச்சு. அந்த வயசுலயும் எங்க வூட்டுக்காரரு ஒரு தடவ திரும்பிப் பாக்கல. கரையத்தான் பாத்தாரு.

மொதல்ல மாரு கல்லாட்டம் கட்டிகிச்சு. குளிரு ஜுரம் வந்துச்சு. அப்பறம் ஒவ்வொரு நாளா அடங்கிப் போச்சு. புள்ள அழும், எனக்கு ஒண்ணும் சுரக்காது. சேலை சுத்தமா வளந்துச்சு.

டின்னு பாதி ஆனதும் அத்தை பவுடரக் கொறைச்சு தண்ணிய ஜாஸ்தி ஊத்த ஆரம்பிச்சாங்க. கஞ்சத்தனம்னு சொல்ல முடியாது, மருந்துக் கடையில அடுத்த டின்னு வரல. தண்ணி தெருக் குழாய்த் தண்ணி. பாட்டிலு ரப்பரு காம்ப எத்தினி கழுவுனாலும் ஒரு பிசுக்கு நிக்கும். சேலை முடியறதுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு, புள்ளைக்கு வயித்தால போவ ஆரம்பிச்சுது. ஒரே பகல்ல கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு. அழுதுச்சு, கண்ணுல தண்ணி வரல. ஜட்காவுல தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

குளுக்கோஸ் ஏத்துனாங்க. டாக்டரம்மா பாத்துட்டு, "டின்னைத் தூக்கிப் போடு. தாய்ப்பால் குடு"ன்னாங்க.

"நின்னுடுச்சுங்க."

"மூணு மாசத்துல எப்படி நிக்கும்? ஏன் நிறுத்துன?"

கரை, நாடா, கறை, கடை ஆளு, மல்லிப்பூ. எங்க ஆரம்பிக்கறது? "ஒரு பட்டுச் சேலைக்காகங்க"ன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வ பாத்தாங்க. பட்டுப் பொடவைக்கு ஆசப்பட்டு புள்ளையப் பட்டினி போட்டவன்னு நெனச்சுகினு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. வெளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

பக்கத்துக் கட்டிலுல தேசூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு அக்கா. அவங்க பெரிய பொண்ணு புளியமரத்துல இருந்து வுழுந்து கால ஒடிச்சிகிச்சு, மாவுக்கட்டு போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. இடுப்புல ஒரு ஆம்பளப் புள்ள. அதுக்கு ஏழெட்டு மாசம் இருக்கும், ரெண்டு பல்லு, தொடை ஒவ்வொண்ணும் உலக்கை. எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தவங்க எழுந்து வந்தாங்க.

"இன்னாடி பட்டுக்காரி, பாலு வத்திப்போச்சா?"

தலைய ஆட்டுனேன்.

"வத்தல. தூங்குது. இழுக்கறதுக்கு ஆளு இல்லன்னா அது எதுக்கு வரும்? உம் பொண்ணுக்கு இப்ப இழுக்கத் தெம்பு இல்ல. இந்தா, இவனைப் புடி."

எனக்குப் புரியல. பொதுக்குனு அந்தத் தடியன என் மடியில வெச்சாங்க. என் பொண்ண அவங்க எடுத்துகினாங்க. அவங்க பாலப் பீச்சி பாலாடையில புடிச்சு, சொட்டு சொட்டா என் பொண்ணு வாயில ஊத்துனாங்க.

"உங்க புள்ளைக்குப் பத்தாமப் போயிடுமேக்கா?"ன்னேன்.

"அவனுக்கு இன்னா, ஒரு வேளை கேவுரு கூழு குடிப்பான். ஏண்டி, நாங்க இன்னா ஆளுங்கன்னு கேக்கலியே நீ?"

"எம் பொண்ணுக்குப் பேச்சு வந்ததும் அவளே கேட்டுக்கட்டும்க்கா"ன்னேன். அக்கா குலுங்கி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல, ஆனா பழக்கதோஷத்துல வாயி அப்படிப் பேசிடுது.

அந்தப் பையன் இருக்கானே, இழு இழுன்னு இழுத்தான். ஒண்ணும் வரலன்னதும் வாய எடுத்துட்டு, மூடுன கடைக்கு முன்னால நிக்கறவன் மாதிரி என்னைப் பாத்தான். அப்பறம் ரெண்டு பல்லையும் வெச்சு ஒரு கடி. நான் கத்துனதுல நர்ஸம்மா ஓடியாந்தாங்க. "கடிச்சா கடிக்கட்டும், வுடாத"ன்னாங்க அக்கா. நாளு பூரா இதே வேலை. அவன் இழுப்பான், கோவிச்சுக்குவான், அவங்ககிட்ட ஓடிப்போய் ரெண்டு வாய் குடிப்பான், மறுபடி அவனைக் கொண்டாந்து எங்கிட்ட வுடுவாங்க. எனக்கு முதுகு வுட்டுப்போச்சு. வேணாம்க்கான்னு அழுதேன். "அழுதுகினே புடி"ன்னாங்க.

அத்தை தூக்குல சோறு எடுத்துகினு வந்தாங்க. பாத்தா, மருமவ மாருல எவ புள்ளையோ, பேத்தி எவ மடியிலயோ.

"யாரு புள்ளடி இது?"

"வாத்தியாருங்க அத்தை. எனக்கு மறுபடியும் பாலு சொல்லித்தர வந்திருக்காரு."

அத்தை அக்காவ மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "நீங்க இன்னா ஆளுங்க?"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, மூஞ்சியில தெரிஞ்சுது. அப்ப பாலாடையில இருந்து ஒரு முழுங்கு உள்ள போயி, ரொம்ப நாளைக்கு அப்பறம் எம் பொண்ணு கையத் தூக்கி அக்கா வெரலப் புடிச்சா. அத்தை தூக்கத் தொறந்து, சோத்த அக்காவுக்கும் சேத்துப் போட்டாங்க.

ஒரு வாரம் போல ஆயிருக்கும். ஒரு மத்தியானம், நான் பாதித் தூக்கத்துல இருக்கறேன், அந்தப் பையன் இழுத்துகினே இருந்தவன் திடீர்னு நின்னான். 'முடக்'குன்னு ஒரு சத்தம். முழுங்குறான்.

"கேட்டியாடி?"ன்னு அக்கா தாவி எழுந்தாங்க. வெடுக்குனு அவனைப் புடுங்கி, "போதும்டா தடியா, அது அவளுதுடா"ன்னு சொல்லிகினே எம் பொண்ண அந்த எடத்துல வெச்சாங்க. அவன் வார்டே இடியற மாதிரி கத்துனான். பாவம், அத்தினி நாளு ஒழச்சவனுக்குக் கூலி ஒரே ஒரு முழுங்கு. எம் பொண்ணு வாய வெச்சா. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அப்பறம் அவளும் முழுங்குனா.

அதுக்கு அடுத்த நாளோ என்னவோ மாவுக்கட்டோட பொண்ணத் தூக்கிகினு அவங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க. நான் அப்ப தூங்கிட்டேன். எழுப்ப வேணாம்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்களாம். பேரு கூட கேக்கல நான். எனக்கு அவங்க அக்கா, அவங்களுக்கு நான் பட்டுக்காரி, அவ்வளவுதான்.

வூட்டுக்கு வந்தா, கரை நாடாவ அத்தை தள்ளிகினு இருந்தாங்க, கண்ணு சரியாத் தெரியாம திட்டிகினே. சேலை நாளு தப்பிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு வேற சேலையில கல்யாணம் ஆச்சு. கல்யாணம் ஒண்ணும் நின்னுடல. இதை மட்டும் யாராவது முன்னாலயே சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாளுல அடுத்த சேலைக்கு தறியில பாவு நூலு ஏறுச்சு, நானும் மறுபடி தறியில ஏறுனேன். புள்ள அழுதா எழுந்து போவேன், அத்தை பெருமூச்சு வுட்டுகினே என் எடத்துல உக்காந்து நாடாவத் தள்ளுவாங்க. பாலு பழையபடி பொங்கல. அவளுக்குப் போதுமா இருந்துச்சு.

அவ இப்ப பத்தாவது படிக்கறா. எங்கிட்ட வாய் பேசறதுல அந்தப் பையன விட ஜாஸ்தி கடிக்கறா. தெருவுல இன்னமும் யாராவது ஒரு பச்ச ஒடம்புக்காரி வந்து "பாலு பத்தலக்கா, டின்னு வாங்கலாமா"ன்னு எங்கிட்ட கேக்கறா. நான் பாலப் பத்தி ஒண்ணும் பேசறதில்ல. "நீ உக்காந்து குடுக்கற நேரத்துல உன் வேலைய யாரு பாக்கறாங்க?"ன்னு மட்டும் கேக்கறேன்.