மாடியில் காயவைத்த ஹவாய் காபி

என் மூக்குக்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டும் என்று ஆலையில் அடிக்கடி சொல்லுவேன். யாரும் சிரிப்பதில்லை, தருவதுமில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் போர்மேன். காலையில் ஆட்கள் வருமுன் மருந்து கலக்கும் அறையைத் திறந்து, வாசலிலேயே நின்று மோந்து பார்ப்பது என் முதல் வேலை. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டுவிட்டால் உள்ளுக்குள் சூடேறும். பற்றிக்கொள்ளும் முன் மாட்டுத் தொழுவத்து நெடி போல ஒன்று கிளம்பும். அந்த நெடி வந்தால் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. ஒன்றுமே மணக்கவில்லை என்றால் நல்ல நாள்.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் என் மகளும் மருமகனும் ஹவாய்த் தீவுக்குச் சுற்றுலா போனார்கள். அங்கிருந்து வாங்கிய காபிப்பொடியை, மதுரைக்கு வந்த யாரோ ஒரு நண்பர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். நாலு பாக்கெட். ஒன்று கலப்பில்லாத சாதாக் காபி. ஒன்றில் தேங்காய் மணம், ஒன்றில் வெனிலாவும் அந்தத் தீவில் விளையும் ஏதோ கொட்டையும். நாலாவதும் வெனிலாதான், அது சம்பந்தி வீட்டுக்கு. "ஞாயித்துக்கிழமை வீடியோவுல வாரேன். மூணையும் பால், சீனி இல்லாம குடிச்சுப் பாத்து எது எதுன்னு சொல்லணும்ப்பா" என்று உத்தரவு.

சனிக்கிழமை விடியும்போது, மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், நான் பாக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்தது நான் என்று சொல்லக் கூடாது, என் தொழில் யோசித்தது. கடல் தாண்டி வந்த பொடி. ஈரம் கோத்திருக்காதா? எங்கள் ஆலையில் பொடி என்று எது வந்தாலும் சலிக்க வேண்டும், வெயிலில் காயப்போட வேண்டும். கை தானாகப் போய்த் துண்டை எடுத்து மூக்கில் கட்டியது. மூக்கைக் கட்டாமல் எந்தப் பொடியையும் நான் தொட்டதில்லை. மொட்டைமாடியில் மூன்று தாள்களை விரித்து, சம்பந்தி பாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டு, மூன்றையும் தனித்தனியாகப் பரப்பினேன். கலந்துவிடக் கூடாதென்று அந்தந்தப் பாக்கெட்டையே பக்கத்தில் வைத்துக் கல்லும் ஏற்றினேன். மேலே மெல்லிய வேட்டி. அம்புட்டுக் கவனம். பிறகு வேலைக்குப் போனேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வந்து மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு அள்ளி, பேர் எழுதிய டப்பாக்களில் அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் செல்போனில் வந்தாள். மனைவி மூன்று டம்ளரில் டிகாக்‌ஷனை இறக்கி, நான் பார்க்காதபடி இடம் மாற்றி வைத்தாள்.

முதல் டம்ளரை எடுத்தேன். கசப்பு, பின்னால் லேசான புளிப்பு. நல்ல காபி. இரண்டாவதை எடுத்தேன். அதே நல்ல காபி. மூன்றாவதும் அதேதான். டம்ளருக்குள் மூக்கை விட்டு இழுத்தேன். ஆவி வந்தது, வேறொன்றும் வரவில்லை.

"அப்பா, தேங்கா எது?"

"இரு தாயி, மூக்கு இன்னும் முழிக்கல."

மனைவி என் கையிலிருந்து ஒரு டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். "என்னங்க நீங்க, இந்தா இருக்குல்ல, தேங்கா பர்பி மாதிரி. இன்னொண்ணுல ஐஸ்கிரீம் வாசம். இதுகூடவா தெரியல?"

செல்போனுக்குள் மகள் கைதட்டினாள். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு எழுந்தேன்.

பிறகு நான் நடந்துகொண்ட விதம் கௌரவமானதல்ல. அடுப்படியில் பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்தேன். மணந்தது. ஆனால் பெருங்காயம் செத்த மூக்கிலும் ஏறும் என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து சொன்னான். கற்பூரம், சோப்பு, என் செருப்பு என்று வரிசையாக மோந்துகொண்டு போனேன். பலமானதெல்லாம் தெரிகிறது, மெல்லிசானது மட்டும் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மருந்தறை நெடியும் முதலில் மெல்லிசாகத்தான் வரும்.

அதற்கப்புறம் விளையாட்டு இல்லை. கலவை அறைக்கு அடுத்த அறையில் குழாய்களுக்கு மருந்து அடைக்கும் பெண்கள் உட்காருவார்கள். நான் "வாங்க" என்றால் வருவார்கள். ஏன் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாளைக்கு நான் வாசலில் நின்று, ஒன்றும் மணக்கவில்லை, வாங்க என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அறை நன்றாக இருக்கிறது என்றா, என் மூக்கு போய்விட்டது என்றா? மேனேஜருக்குப் போன் போட்டு, இனிமேல் கதவை வேறு ஆள் திறக்கட்டும் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். சீசன் நேரம். மூக்கில்லாத போர்மேனை வைத்து என்ன செய்வார்கள் என்றும் ஓடியது. லோடு எண்ண விடுவார்கள்.

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நம்பரைத் தேடும்போது பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, நேத்து மாடியில என்ன போட்டிருந்தீக? மத்தியானம் பூராவும் தெருவே கேக் கடை மாதிரி மணத்துச்சு. தேங்கா வாசம் வேற. எம்மகன் எனக்கும் வேணும்னு ஒரே அழுக."

மனைவி வெளியே வந்தாள். "அந்த வாசம் நம்ம மாடியிலருந்தா வந்துச்சு? மாடியில என்னத்தப் போட்டீக?"

"காபிப்பொடி. ஈரமா இருக்கும்னு காயப்போட்டேன்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "காபிப்பொடிய. வெயில்ல. நாள் பூராவும்."

"நீதான் பர்பின்ன, ஐஸ்கிரீம்ன?"

"ஒரு மண்ணும் மணக்கல. பிள்ள ஆசையா அனுப்பிருக்கா, மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? நீங்களும் ஆமான்னுட்டுப் போவீகன்னு பாத்தா, பேய் புடிச்ச மாதிரி செருப்பப் போய் மோந்துக்கிட்டுத் திரியிதீக."

சம்பந்தி வீட்டுப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அதன் முன்பக்கம் மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. மூக்குக்கு நேராகப் பிடித்து மெதுவாக அமுக்கினேன். வெனிலா வந்தது, வறுத்த கொட்டையும் வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். பக்கத்து வீட்டு அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மேனேஜருக்குப் போன் செய்யவில்லை.

அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, அதிலிருந்து ஒரு டம்ளரும் சாதாக் காபியில் ஒரு டம்ளரும் போட்டுக் குடித்தோம். வெனிலா வாசத்தில்தான் இருந்தது; குடித்ததும் முடிந்துவிட்டது. சாதாக் காபி அவ்வளவு வெயிலைத் தின்ற பிறகும் தன் புளிப்பை விடாமல் வைத்திருந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது. மகளை மறுபடி கூப்பிட்டு அப்படியே சொன்னேன், மாடி விஷயத்தைத் தவிர.

சம்பந்தி வீட்டுக்கு மாடியில் காய்ந்த வெனிலாவை அழகாக டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். மறுநாளே போன் வந்தது. "வாசம் ஆளத் தூக்குது சம்பந்தி" என்றார். நல்ல மனுஷர்.

பிரித்த பாக்கெட்டிலிருந்து கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பியில் அடைத்து ஆலைக்குக் கொண்டுபோகிறேன். உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதால் செல்போனோடு சேர்த்து கேட்டில் வாட்ச்மேனிடம் விட்டுவிடுவேன். விடும் முன் திறந்து ஒரு முறை மோந்து பார்ப்பேன்.

"என்ன அண்ணாச்சி, புதுசா மூக்குப்பொடிப் பழக்கமா?" என்றான் அவன்.

"ஆமாலே, வயசாகுதுல்ல."

அதற்குப் பிறகுதான் மருந்தறைக்குப் போய்க் கதவைத் திறக்கிறேன். முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறேன். ஒன்றும் மணக்காது. பின்னால் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருப்பார்கள். இன்னும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாங்க" என்பேன்.