ஞாயிற்றுக்கிழமை விற்ற சுறா

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வாசலில் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பேச்சில் என்னை யாரும் மடக்க முடியாது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு மடக்கியவள் என் வயதுக்காரி. கையில் பதினோரு நாள் பிள்ளையோடு நின்றாள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. அப்பாவுக்கு ஃபைபர் படகு. அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறி, திசையன்விளைப் பக்கம் தெருத்தெருவாக விற்றவள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரியைப் பார்த்த முதல் ஆள் நான்தான். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி வணிகவியல் படித்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயரும். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

படிப்பு முடிந்ததும் வேலைக்கு விண்ணப்பம் போடாமல் தொழில் தொடங்கினேன். எங்கள் ஊர் ஏலத்தில் மீன் எடுத்து, அன்றைக்கே பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்து வீடுகளுக்குக் கொடுப்பது. அதற்கு முன்னால் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். அங்கே பேச வந்தவர், "தொழிலுக்கு முதல்ல தேவை முதலீடு இல்ல, வெறி. உங்க வெறி என்னன்னு சொல்லுங்க" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். நான் எழுந்து கடலைப் பற்றியும் அப்பாவின் படகைப் பற்றியும் அம்மாவின் கூடையைப் பற்றியும் பேசினேன். பேசப் பேச எனக்கே கண் கலங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வெறி பொய்யில்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். முதல் ஆறு மாதம் விடிவதற்கு முன்பே கரையில் நிற்பேன். ஐஸ் பெட்டியை நானே தூக்கி வேனில் ஏற்றுவேன். ஏலத்தில் ஆண்கள் நடுவே நின்று விலை கேட்கும்போது, "ஏட்டி, காலேசுல இதத்தான் சொல்லிக்குடுத்தாவளா?" என்று சிரிப்பார்கள். "ஆமா, உங்களவிட ரெண்டு ரூவா கூடக் கேக்கச் சொல்லிக்குடுத்தாவ" என்பேன். கரையில் நின்று செல்போனில் வீடியோ எடுத்துப் போடுவேன். 'காலையில் கடலில், மதியம் உங்கள் சட்டியில்' என்று ஒரு வரி எழுதி பாக்கெட்டில் அச்சடித்தேன். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'இன்று பிடித்த மீன்'. அந்த வரியைப் பார்த்தே ஆர்டர் வந்தது.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. டவுன்காரர்கள் மீன் வாங்குவதே அன்றைக்குத்தான். எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் படகு இறங்காது. சனிக்கிழமை மதியத்தோடு கரை ஓய்ந்துவிடும். ஞாயிறு எல்லோரும் மாதா கோயிலில் பூசைக்கு இருப்பார்கள். பிறகு திங்கள் விடியலில்தான் கடலுக்குப் போவார்கள். அது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறினவர்களும் இல்லை.

முதலில் ஞாயிறு விடுமுறை விட்டேன். வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு, சனிக்கிழமை மீனை ஐஸில் வைத்து ஞாயிறு கொடுக்க ஆரம்பித்தேன். நன்றாக ஐஸ் போட்ட மீன் கெட்ட மீன் இல்லை. ருசியிலும் குறையாது. அம்மாவும் சில வாரம் முதல் நாள் மீனை எடுத்துக்கொண்டு போவாள். "நேத்து மீனு தாயி, மஞ்சள் கொஞ்சம் கூடப் போட்டு வைங்க" என்று சொல்லியே விற்பாள். சின்ன வயதில் விடுமுறைக்கு அவளோடு போகும்போது எனக்கு அது பிடிக்காது. வியாபாரம் தெரியாமல் பேசுகிறாளே என்று நினைப்பேன்.

நான் வியாபாரம் தெரிந்தவள். ஞாயிற்றுக்கிழமை பாக்கெட்டிலும் அதே 'இன்று பிடித்த மீன்' போனது. வேறு அச்சு அடித்தால் செலவு, கேட்பவர்களுக்குக் குழப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு யோசனையும் செய்தேன். சனிக்கிழமை மீனை முழுசாக வைத்திருந்து ஞாயிறு காலையில் வெட்டினால், 'இன்று' என்ற சொல்லில் பாதியாவது உண்மையாகிவிடும் அல்லவா? அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குச் சரியாகவே பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஒருவர் போன் செய்தார்.

"மேடம், உங்க வீடியோ எல்லாம் பாப்பேன். வீட்ல குழந்தை பொறந்திருக்கு. பால் பத்தல. பால்சுறா வாங்கிப் புட்டு வச்சுக் குடுங்கன்னு சொல்லுதாவ. நான் சேரன்மகாதேவிக்காரன், எனக்கு வயலத் தெரியும், மீனத் தெரியாது. உங்கள நம்பித்தான் கேக்கேன்."

"ஞாயிற்றுக்கிழமை உங்க வாசல்ல இருக்கும் சார்" என்றேன். சனிக்கிழமை ஏலத்தில் நல்ல பால்சுறாவாக இரண்டு கிடைத்தது. பாளையங்கோட்டைக் கடையில் கொண்டுவந்து இறக்கியதும், என்னிடம் மீன் வெட்டும் அக்கா கேட்டார்: "பிள்ள, சுறாவ இப்பவே வெட்டிருவமா?" நான் அப்போது பெட்டிகளை அடுக்குவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் நாளைக்கு வெட்டுவோம்க்கா" என்று திரும்பாமலே சொன்னேன்.

சுறாவைப் பிடித்ததும் குடலை எடுத்து ரத்தம் போக அலசிவிட வேண்டும். முழுசாக ஒரு நாள் வைத்தால், என்ன ஐஸ் போட்டாலும் மூக்கில் ஏறும் ஒரு நெடி வந்துவிடும். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இது பல் முளைக்கும்போதே தெரியும். எனக்கும் தெரியும். மறந்துபோனேன் என்றுகூட சொல்ல முடியாது. அந்த நேரத்தில் என் கண் செல்போனில் இருந்தது, மூக்கு எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் போன் வந்தது. "மேடம், மீனு ஒரு மாதிரி நெடி அடிக்குன்னு வீட்ல சொல்லுதாவ." குரலில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது. கடல்காரி கொடுத்த மீனை டவுனில் யார் முகர்ந்து பார்த்துக் குறை சொல்வது? வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

வாசலில் அவரை நிற்க வைத்துப் பேச ஆரம்பித்தேன். சுறாவின் உடம்பில் இயற்கையிலேயே ஒரு வாடை உண்டு, வெந்நீரில் மஞ்சள் போட்டு அலசினால் போய்விடும், பழக்கமில்லாதவர்களுக்கு அப்படித் தோன்றும் என்று கோர்வையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் வந்தாள்.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"உவரிப் பக்கம்."

"நான் புன்னக்காயல்."

அதுவும் எங்கள் ஊரைப் போலக் கடற்கரை ஊர்தான்; அங்கே பிறந்தவளிடம் மீனைப் பற்றிக் கதை விட முடியாது. அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உவரிப் பக்கம் ஞாயித்துக்கிழம கடலுக்குப் போவாவளா?"

நான் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்தேன்.

"எங்க ஊர்ல போமாட்டாவ. உங்க ஊர்லயும் போமாட்டாவன்னுதான் கேள்விப்பட்டேன். பாக்கெட்டுல இன்னைக்குப் பிடிச்சதுன்னு போட்டிருக்கு. அப்போ இந்தச் சுறாவப் பிடிச்சது யாரு, காலைல பூசை வச்ச சாமியாரா?"

அவள் கணவர் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நேத்து மீனுன்னு சொல்லிருந்தா சுறா வேண்டாம், சாளை இருந்தாக் குடுங்கன்னு கேட்டிருப்பேன். அதுல என்ன இருக்கு?" என்றாள். "இவிய ரெண்டு நாளா உங்க வீடியோவப் போட்டுப் போட்டுக் காமிக்காவ. கடல்காரப் பொண்ணு, உங்க ஊருப் பக்கம், ஏமாத்தமாட்டான்னு. நானும் ஆசையாத்தான் இருந்தேன்."

பிள்ளை அழத் தொடங்கியது. அவள் பேச்சை விட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் அழுகை நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. "ஏங்க, பால் பவுடர் டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்று அவள் சொன்னது வாசல் வரை கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "நீங்க வேணும்னு செஞ்சிருக்கமாட்டீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அவள் கேட்ட எல்லாவற்றையும்விட அதுதான் என்னைக் குத்தியது. வேண்டுமென்றுதான் செய்திருந்தேன்.

கடைக்குத் திரும்பி, மீதமிருந்த சுறாத் துண்டுகளை முகர்ந்து பார்த்தேன். அந்த நெடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அக்காவிடம், "ஏன்க்கா நீங்க ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதான் வீடியோ எடுத்துட்டு இருந்தியே பிள்ள. நடுவுல பேசுனா எங் குரல் விழுதுன்னு ஏசுவ."

அவர் குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார். நான் அப்படியே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். மீன் மேல் எனக்கு வெறி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எனக்கு வெறி இருந்தது, படித்து வந்து தொழில் செய்கிற கடல்காரப் பெண் என்று என்னை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதில். மீனைப் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். அவரைப் பேச விடாமல் வைத்ததும் நான்தான்.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்து, ஒரு நல்ல பால்சுறா உடனே வேண்டும் என்றேன். "ஏட்டி, சுறா என்ன நம்ம வீட்டுக் கோழியா, கூப்பிட்டதும் வாரதுக்கு?" என்றார். கிடைத்ததும் சொல்வதாகச் சொன்னார்.

திங்கள் காலையில் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இதுவரை ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்தது சனிக்கிழமை பிடித்த மீன், பாக்கெட்டில் எழுதியிருந்தது பொய், மன்னிக்க வேண்டும் என்று. அனுப்புவதற்கு முன் பயிற்சி முகாமில் பழக்கமான தோழியிடம் கேட்டிருந்தேன். "நீயா சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போகுது? தொழிலையே மூடணும்னு ஆசையா?" என்றாள். அவள் சொன்னதில் பாதி நடந்தது. நிறையப் பேர் குழுவிலிருந்து விலகினார்கள். மெஸ் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் தினமும் எடுப்பவர். அவர் போன் செய்து, "இன்னும் என்னென்ன பொய் சொல்லிருக்கியோ, எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிரும்மா, தெனமும் மனசக் கெடுக்காத" என்று வைத்துவிட்டார். அதோடு அவர் ஆர்டர் நின்றது. "எங்களுக்கு ருசி நல்லாத்தான் இருந்துச்சு" என்று எழுதியவர்களும் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் கூட்டாளி படகில் ஒரு பால்சுறா வந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்து குடலை எடுத்து, கடல் தண்ணீரிலேயே அலசி, ஐஸில் வைத்து, பஸ் ஏறினேன். அன்றைக்குச் செல்போன் பைக்குள்ளேயே கிடந்தது.

அந்த வீட்டு வாசலில் நான் நீட்டிய பாத்திரத்தைப் புன்னக்காயல்காரி திறந்து, விரலால் அழுத்திப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள்.

"யாரு வெட்டுனா?"

"நான்தான். கரையிலயே வெட்டிட்டேன்."

"தோலு உரிக்கத் தெரியுமா, இல்ல வீடியோ மட்டும்தானா?"

"தெரியும்."

"அப்போ உள்ள வா. என்னால நிக்க முடியாது. இவிய சட்டிய எடுங்கன்னா குக்கர எடுப்பாவ."

அவள் அடுக்களையில் நின்று சுறாவை அவித்தேன். தோலை உரித்து, முள் பார்த்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டுப் புட்டு வைத்தேன். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றோடு ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பால் ஊறியதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் எண்ணிலிருந்தே செய்தி வந்தது: 'இன்னொரு சுறா வேணும். கெடைக்கிற அன்னைக்குப் போதும்.' அதைக் கடையில் நின்று நாலைந்து தடவை படித்தேன்.

போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. மெஸ் அண்ணாச்சி இன்றுவரை வரவில்லை. ஆனாலும் தொழில் நின்றுவிடவில்லை. இப்போது வெட்டும் அக்காவோடு இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாக்கெட்டில் 'சனிக்கிழமை மீன்' என்றே அச்சடிக்கிறோம். சுறா அன்றைக்கு விற்பதில்லை. எதை எப்போது வெட்ட வேண்டும் என்று முடிவு செய்வது அக்காதான். அவர் பேசும்போது நான் வீடியோ எடுப்பதில்லை.

போன மாதம் அதே பயிற்சி முகாமுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். தொழிலுக்கு வெறி வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டும் என்றுதான் சொன்னேன். அது இல்லாமல் நான் ஒருநாள்கூட விடியலில் எழுந்திருக்கமாட்டேன். ஆனால் என் தொழில் நிலைத்தது அந்த வெறியால் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மேடையில் நின்றபோதும் எனக்குக் கேட்டது, நான் கொடுத்த மீனைத் தின்ன முடியாத ஒருத்தி உள்ளறையிலிருந்து பவுடர் டப்பா கேட்ட குரல்தான். என் வெறி யாருக்காக என்று என்னை நானே கேட்க மறக்கும் நாளெல்லாம் அந்தக் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.