பெண் பார்க்க வந்தவர்களும் அறுபது மூட்டை உரமும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் அவர்களை முதலில் வரவேற்றவை... அறுபது மூட்டை உரம்.

காரணம் நான்தான். வேறு யார்?

வளைகுடாப் பக்கம் சண்டை, கப்பல் போகும் வழிக்கே ஆபத்து என்று செய்தி. எண்ணெய் ஏறினால் எரிவாயு ஏறும், எரிவாயு ஏறினால் உரம் ஏறும் – புக்கிட் ரோத்தானில் மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவன் சும்மா இருப்பானா? கைப்பேசியில் ஏஐயிடம் கேட்டேன். 'விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம்' என்றது. முதல் பாதியிலேயே நான் லோரிக்காரருக்கு போன் அடித்துவிட்டேன்.

மூட்டைகளை கார் போர்ச்சில் இறக்கினோம். உரம் நிழலில், கார் வெயிலில்.

"ஏங்க, மூணு வருசத்துக்கு வரும்போல இருக்கு. இந்த நாத்தத்துல யாரு கேசரி சாப்பிடுவா?" என்றாள் மனைவி சரோஜா.

"எஸ்டேட் ஸ்டோருக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போயிடுவாங்க லா" என்றாள் தர்ஷினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால், போட்டோவிலேயே பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. மூட்டைகள் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினேன்.

மாப்பிள்ளை வீட்டார் கலும்பாங்கிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா மூட்டைகளைப் பார்த்தார். நின்றார். தார்ப்பாயைத் தூக்கியும் பார்த்தார். பிறகுதான் உள்ளே வந்தார்.

பதற்றத்தில் நான் பையனிடம் தாவினேன். "தம்பி, உங்க வேலைய இந்த ஏஐ புடுங்கிக்காதா?"

"நான் டேட்டா சென்டர்ல ஏர்கான் பாக்குறேன் அங்கிள். ஏஐக்கு சூடு தாங்காது. குளிர வைக்கிறதே நாங்கதான்."

"கரண்டு பில்லு?"

"பாத்தா மயக்கம் வந்துரும் அங்கிள்."

எனக்கு அப்படியொரு நிம்மதி. என்னை லோரி பிடிக்க வைத்த ஏஐ, இந்தப் பையன் ஒருநாள் லீவு போட்டால் வேர்த்துக் கொட்டும்.

பையனின் அப்பா கேசரியைக் கீழே வைத்தார். "எங்களுக்கும் கொஞ்சம் செம்பனை இருக்கு. எங்கூருக் கடையில உரமே இல்லங்க. அவனவன் பயந்துபோயி மொத்தமா அள்ளிக்கிட்டுப் போறானாம்."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் கேசரியைப் பார்த்தேன்.

"அதான் கேக்குறேன்" என்று அவர் தொண்டையைச் செருமினார். "வாங்குன வெலைக்கே இருபது மூட்ட தருவீங்களா... சம்பந்தி?"

சம்பந்தி. அந்தச் சொல் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சமையலறைக்கு உடனே உறைத்துவிட்டது. அங்கிருந்து தர்ஷினியின் குரல்:

"முப்பதா குடுங்கப்பா."

எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் எங்கள் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு கார் வெயிலில் காய்கிறது. ஒரு கல்யாணமும் முடிவாகிறது. உலகப் பொருளாதாரத்தில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

இப்போது எங்கள் போர்ச்சில் பாதிக் கார் நிழலில் நிற்கிறது.