வாழைமர நோட்டில் என் பெயர்

காமிக்ஸ் உலகின் தன்னிகரற்ற சக்கரவர்த்தியான உங்கள் மாமாவுக்கு இன்று பகாவ் பேருந்து நிலையத்தில் கிரீடம் கழன்றது.

நேம் கார்டு அடிக்க அச்சகத்தில் கேட்ட விலைக்கு அரை ரப்பர் தோட்டமே வாங்கலாம். என் புதுக் காமிக்ஸோ ஜப்பான்காரன் நம் நாட்டை ஆண்ட காலத்து ரப்பர் தோட்டத்தில் நடக்கும் சிரிப்புக் கதை. ஆகவே அப்போது அவன் அச்சடித்த, போர் முடிந்ததும் செல்லாமல் போன வாழைமர நோட்டைப் போலவே வரைந்து, நடுவில் என் பெயரைப் போட்டு, தடித்த தாளில் நகலெடுத்து, கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். மூவுலகமும் கைதட்டியது.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவராம்.

"இந்தாங்கய்யா, பணக்காரர் ஆயிட்டீங்க!" என்று ஒன்றை நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கைப்பிள்ளையா இருக்கப்ப ஜப்பான்காரனுங்க அப்பாவ சயாமுக்கு ரயில் பாதை போட ஏத்திட்டுப் போனானுங்க தம்பி. அம்மா கையில இந்த நோட்டத்தான் குடுத்தானுங்க. நோட்டு வீட்லயே கெடந்துச்சு. அப்பா வரல."

இது என் காமிக்ஸுக்கு அடித்த கார்டு, அந்தக் காலத்துத் தோட்டக் கதை என்று முணுமுணுத்தேன்.

"உங்க கதையில சயாமுக்குப் போனவங்க இருக்காங்களா?"

"இல்லீங்கய்யா. சிரிப்புக் கதை."

"அப்ப இத நீங்களே வச்சிக்குங்க லா."

என் சட்டைப் பையில் அவரே செருகிவிட்டார்.

அவர் ஏறிய பேருந்துதான் எனக்கும். நான் அடுத்ததில் வந்தேன்.

வீட்டில் இன்னும் ஒரு மூட்டை கார்டு கிடக்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக மாமாவிடம் மூட்டை நிறைய நோட்டு, வெளியே எடுக்கத்தான் முகமில்லை. பின்பக்கம் காலியாக இருக்கிறது. அதில் யாரை வரையலாம், சொல்லுங்கள் மக்களே. என்னை வேண்டாம்.