சவரிமுத்து கழற்றி எறிந்த கூடை

திருச்சுழியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவி பாண்டியம்மாளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். பாதி வழியில் போன் அடித்தது. சவரிமுத்து என்று பெயர் தெரிந்தது. நான் எடுக்கவில்லை.

தூத்துக்குடியில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான திருச்சுழிப் பக்கம் வந்துவிட்டேன். பழைய படகுக்காரர்கள் இன்றும் சந்தேகம் கேட்டுக் கூப்பிடுவார்கள். சவரிமுத்து மட்டும் கூப்பிடுவதில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று போயிருந்தது.

சண்டைக்குக் காரணம்

விசைப்படகு எஞ்சினைக் குளிர்விக்க இரண்டு தண்ணீர் ஓடும். நல்ல தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கடல் தண்ணீரைப் படகின் அடியிலிருந்து ஒரு பம்ப் இழுக்கும். அது ஹீட் எக்ஸ்சேஞ்சரில் நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியே கொட்டும். பம்புக்கு முன்னால் ஒரு டப்பாவும் அதற்குள் சல்லடைக் கூடையும் இருக்கும். அதுதான் ஸ்ட்ரெய்னர். பாசி, சொறிமீன், பாலிதீன் பை எல்லாம் அந்தக் கூடையில் தங்கிவிடும். கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கழற்றிக் கழுவ வேண்டும்.

சவரிமுத்து சொந்தப் படகைத் தானே ஓட்டுகிறவன். கழுவிக் கழுவிச் சலித்துப்போய் ஒரு நாள் கூடையையே கழற்றி எறிந்துவிட்டான். அது தெரிந்ததும் துறைமுகத்தில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன்.

"கரையில நின்னு பேசுறது லேசு அண்ணாச்சி. ஒரு நாளு கடல்ல வந்து கெடந்து பாரும்" என்றான்.

அவன் பிள்ளைகளுக்கு என் வீட்டில்தான் தீபாவளிப் பலகாரம். அன்றோடு அதுவும் நின்றது.

பஸ்ஸை விட்டு இறங்கியது

போன் மறுபடி அடித்தது. பாண்டியம்மாள் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் மாறிவிட்டது.

"காத்து சத்தந்தான் கேக்குது. எஞ்சின் சத்தமே இல்லங்க. பேசுங்க" என்று நீட்டினாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவள். ஓடுகிற படகிலிருந்து பேசினால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். "கண்டக்டர் தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க. எறங்கணும்."

"இங்க ஸ்டாப்பு இல்லம்மா."

"கடல்ல ஆளுக தவிச்சுக் கெடக்காகப்பா!"

அந்தத் தம்பிக்கு என்ன புரிந்ததோ, விசில் அடித்துவிட்டார். இறங்கினோம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், மண்டை காயும் வெயில். போனைக் காதில் வைத்தேன், சவரிமுத்து குரல்.

"அண்ணாச்சி, எஞ்சின் சூடாகி நின்னுட்டு. கெழக்க இருந்து கொண்டக் காத்து பாறைப் பக்கமாத் தள்ளுது. நங்கூரம் புடிக்கல, இழுக்கு. அஞ்சு பேரு இருக்கோம்."

"பக்கத்துல வேற படகு இல்லையா?"

"கரைக்குச் சொல்லியாச்சு. வந்து சேர நேரமாவும். நல்ல தண்ணி மூடியத் தெறந்து தண்ணி ஊத்தட்டுமா?"

"தொறக்காதல! கொதி ஆவி மூஞ்சியில அடிச்சிரும். அத விட்டுட்டு கடல்தண்ணி பம்பக் கழத்து."

கழற்றினான். உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். கூடை இல்லாததால் பாலிதீன் நேராகப் போய் அதில் சுற்றிப் பிய்த்துவிட்டிருந்தது. ஒரு இதழ்கூட மிச்சமில்லை. வேறு இம்பெல்லரும் படகில் இல்லை.

கோபத்தில் வசவு வாய்வரைக்கும் வந்தது. பாண்டியம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். விழுங்கிக்கொண்டேன்.

"மீன் கழுவுற பேட்டரி மோட்டார் ஓடுதா?"

"ஓடுது."

"அந்தக் குழாயக் கொண்டாந்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில சொருகு. அதுக்கு முன்னால வாயிக்குள்ள வெரல விட்டுப் பாரு. பிஞ்ச ரப்பரெல்லாம் அங்கதான் போயி அடைச்சிருக்கும்."

"இருக்கு அண்ணாச்சி, எடுத்துட்டேன். குழாய் சின்னது, லூசா நிக்குது."

"ட்யூப் ரப்பரக் கீறிச் சுத்து. மேல கம்பியப் போட்டு முறுக்கு. சூடு கொறஞ்சதும் மோட்டாரப் போட்டுட்டு எஞ்சினக் கெளப்பு."

அப்போது லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. ரோட்டில் ஒரு லோடு லாரி போனது. அந்தச் சத்தம்கூட எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவன் மூத்த மகள் என் மடியில் உட்கார்ந்து அதிரசம் தின்றது நினைவுக்கு வந்தது. பாண்டியம்மாள் சேலை முந்தானையை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

போன் அடித்ததும் எடுத்தேன். முதலில் கேட்டது எஞ்சின் சத்தம்.

"பொகக்குழாயில தண்ணி கொட்டுது அண்ணாச்சி!"

"வேகத்தக் கூட்டாத. ஆளு நடக்கிற வேகத்துல வா. சூடு காட்டுற முள்ளுல ஒரு கண்ணு இருக்கட்டும்."

அடுத்த பஸ்ஸில் அருப்புக்கோட்டை போனோம். கண்ணாடிக் கடையில் இருக்கும்போது, கரை சேர்ந்துவிட்டதாகக் கூப்பிட்டான். அழுதான். பாண்டியம்மாள்தான் போனை வாங்கி, "பிள்ளைகளப் போயிப் பாருங்கண்ணே" என்றாள்.

படிக்குப் பக்கத்தில்

தறிப்பட்டறைகளுக்கு வேலை செய்கிற வெல்டிங் கடை ஒன்று அருப்புக்கோட்டையில் உண்டு. அங்கே எவர்சில்வர் வலையில் புதுக்கூடை செய்து வாங்கிக்கொண்டு தூத்துக்குடி போனேன். கூடையைப் போட்டோம், இம்பெல்லரை மாற்றினோம். சோதனை ஓட்டத்துக்கு நானும் படகில் ஏறினேன். அத்தனை வருஷ சர்வீஸில் தாண்டாத துறைமுக வாயை அன்றுதான் தாண்டினேன். அலை தூக்கிப் போட்டதில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. அந்த ஆட்டத்தில் ஸ்ட்ரெய்னரைத் திறந்து பார்த்தேன். பலகைக்கு அடியில், சூடான புகைக்குழாய்க்குப் பின்னால், குப்புறப் படுத்தால்தான் கை எட்டும். முழங்கையில் சூடு பட்டுக்கொண்டது.

சவரிமுத்து சட்டைக் கையை மடக்கிக் காட்டினான். அதே இடத்தில் அவனுக்கு ஏழெட்டுத் தழும்பு. "தெனம் இதான் அண்ணாச்சி" என்றான்.

கரைக்கு வந்ததும் டப்பாவைக் கழற்றி, எஞ்சின் ரூமில் இறங்கும் படிக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தோம். நின்றபடியே திறக்கலாம்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது: ஸ்ட்ரெய்னரைத் தினம் கழுவச் சொல்லுங்கள். ஆனால் அதைப் பொருத்தும்போது, ஆடுகிற படகில் கை எட்டுகிற இடமாகப் பார்த்துப் பொருத்துங்கள். கை எட்டாத இடத்தில் பராமரிப்பு நடக்காது. எவ்வளவு திட்டினாலும் நடக்காது.

சவரிமுத்து இப்போது தினமும் கூப்பிடுகிறான், என்னை அல்ல, பாண்டியம்மாளை. கூடையில் என்ன மாட்டியது என்று அவளிடம் சொல்ல வேண்டுமாம். பாசி, சிப்ஸ் பாக்கெட், ஒற்றைச் சின்னச் செருப்பு. நேற்று அவள் போனை வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"கடல்குதிரையாம்ங்க! வெரல் நீளந்தான் இருந்துச்சாம். உசுரோட இருந்துச்சுன்னு தண்ணியிலயே விட்டுட்டாகளாம்."