ஒரே வெடிப்பு, மூன்று குரல்

1. முதல் நாளே கரெண்ட் போனது

காற்றடைத்து நிற்கவைக்கும் டோம் ஒன்றைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய், உள்ளே பிள்ளைகளை உட்காரவைத்து, தலைக்கு மேல் வானத்தைப் படமாக ஓட்டுவது எங்கள் கம்பெனியின் தொழில். டெல்லியில் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஷோ நடுவில் கரெண்ட் போனது.

காற்றடிக்கும் புளோயர் நின்றால் டோம் சட்டென்று விழாது. மெதுவாகத் தொய்ந்து தலைமேல் இறங்கும். கும்மிருட்டு வேறு. பிள்ளைகள் அலறிக்கொண்டு வாசல் ஜிப் இருந்த பக்கம் பாய்ந்தார்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். என் சீனியர் பன்வாரி எதையும் தேடவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, "பைட்டோ பச்சோ, பைட்டோ. வெறும் துணிதான், வலிக்காது" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "பஹ்லே ஆவாஜ், பாத் மே டார்ச்." முதலில் குரல், டார்ச் அப்புறம்.

2. கஸ்டமருக்கு ஏற்ற குரல்

எங்களிடம் அதிகம் ஓடியது உலகம் உண்டான கதை. முதலில் இருட்டு. பிறகு ஒரு புள்ளி. அது வெடித்து ஒளி டோம் முழுக்கப் பரவும். நட்சத்திரங்கள் வரும், கடைசியில் பூமி வரும். படம் ஒன்றுதான், பின்னணிக் குரல் மட்டும் மூன்று. சர்க்கார் பள்ளிக்கு வெறும் விஞ்ஞானம். கோயில் விழாவுக்குப் பொன்முட்டை பிளந்து பிரம்மா வருகிற கதை. கான்வென்டுக்கு, ஒளியே வா என்று கடவுள் கட்டளையிடுகிற கதை. பின்னவை இரண்டுமே "இதைத்தான் இன்றைய விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது" என்று முடியும்.

ஒருநாள் முதலாளியிடம், "சாப், படத்தையும் மாத்த வேண்டாமா?" என்று கேட்டேன். "அரே பையா, ஆஸ்மான் ஏக் ஹை, கஸ்டமர் அலக் அலக்" என்று சிரித்தார். வானம் ஒன்று, கஸ்டமர்கள்தான் வேறு வேறு.

விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது என்கிற அந்தக் கடைசி வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயம் கொஞ்சம் அடங்கும். படித்தவர்களே ஒப்புக்கொண்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பேன்.

3. ஜனக்புரியில் மாறிப்போன குரல்

என் மனைவி செல்விக்கு அப்போது இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் அழுவாள். ஒரு மாறுதலுக்காக, ஜனக்புரிப் பக்கம் ஒரு தமிழ்க் கோயில் விழாவுக்கு அவளையும் வேனில் கூட்டிப்போனேன்.

ஆபீசில் பென் டிரைவை மாற்றிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பொன்முட்டைக்குப் பதிலாக கான்வென்ட் குரல் இங்கிலீஷில் ஆரம்பித்தது. நிறுத்தினால் முதலாளி கத்துவார், விட்டால் கோயில்காரர்கள் அடிப்பார்கள். எதைச் செய்வதென்று முடிவெடுப்பதற்குள் ஷோ முடிந்தேவிட்டது.

கோயில் செக்ரட்டரி மாமா, சென்ட்ரல் கவர்ன்மென்டில் ரிட்டையர் ஆனவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "ரொம்ப நன்னா இருந்ததுப்பா. நம்ம வேதத்துல இருக்கறதை அப்படியே சொல்லிட்டான். சயின்ஸே ஒத்துண்டாச்சு பாரு."

"இங்கிலீஷ்ல சொன்னாத்தான் உமக்கு வேதமே புரியறது ஓய்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கதையை ஒட்டினாலும் பொருந்துகிற படம் எந்தக் கதைக்குச் சாட்சி?

செல்விக்கு இங்கிலீஷ் தெரியாது. மாமா சொன்னது தெளிவாகக் கேட்டிருந்தது. திரும்பும்போது வேனில் சொன்னாள்: "ஏங்க, அப்ப நம்மள உண்டாக்குன ஒருத்தன் நெசமாவே இருக்கான். படிச்சவங்களே ஒத்துக்கிட்டாங்க. உண்டாக்குனவன் பாதியில விட்டுருவானா?" அதன்பிறகு டயாலிசிசுக்குக் கிளம்பும்போது அவள் அழவில்லை.

4. நித்யா சொன்னது

எனக்குத்தான் தூக்கம் போனது. அந்தக் குரல்களுக்கு வசனம் எழுதிக்கொடுத்தது நித்யா என்ற தமிழ்ப்பெண். எங்களைப் போலவே முனிர்காவில் ரூம் எடுத்துத் தங்கி, யூனிவர்சிட்டியில் நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். டீக்கடையில் பிடித்துக் கேட்டேன்.

"அந்த வெடிப்பு நெசமாம்மா?"

"பிரபஞ்சம் ரொம்பச் சூடா, நெருக்கமா இருந்து விரிஞ்சுதுண்ணா. அதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. வெடிப்புன்னு காட்டுறது பார்க்கிறதுக்காக."

"அப்ப கடவுள் பண்ணினார்ங்கறது?"

"அதை அந்த ஆதாரம் சொல்லலண்ணா. பண்ணலன்னும் சொல்லல. விரியறதுக்கு முன்னாடி என்னன்னு எங்களுக்கே தெரியாது."

"கடைசி வரி?"

டீயைக் கீழே வைத்தாள். "அது ஒட்டு வேலைண்ணா. கேட்டாங்க, எழுதிக் கொடுத்தேன். நாளைக்குக் கணக்கு மாறுனா விஞ்ஞானம் மாத்தி எழுதிக்கும். அதுமேல சாமியை ஏத்தி வச்சவங்கதான் பாவம்."

வீட்டுக்கு எடுத்துப்போக ஏதாவது கிடைக்கும் என்று போனவன் நான். ஒன்றும் கிடைக்கவில்லை.

5. செல்வி கேட்டது

என் முகம் எதையும் மறைக்காது. இரண்டொரு நாளில் கேட்டுவிட்டாள்.

"நீங்க போடுற படம் நெசந்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "விரிஞ்சது நெசம் செல்வி. பேசுற குரல் நம்ம ஆபீஸ்ல வச்சது" என்றேன்.

"அந்தக் குரல்தாங்க எனக்கு வேணும்" என்றாள்.

அதன்பிறகும் அவள் அழவில்லை. இது வேறு மாதிரி அழாமை. ஸ்வெட்டரை மாட்டிவிட்டால் வருவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள், எதையும் கேட்கமாட்டாள். தை மாதக் குளிரில் போய்ச் சேர்ந்தாள்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். படத்துக்குத் தெரியாததைப் படத்தின் வாயில் வைக்காதீர்கள். நமக்கு அது ஒரு ஒலி ட்ராக். கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருப்பார்.

இன்னொன்று பன்வாரி சொன்னது. கரெண்ட் போனால் முதலில் குரல் கொடுங்கள். மேலே இறங்குவது வெறும் துணி என்று நமக்குத் தெரியும், அதனால் வலிக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். கடைசி நாளில் செல்வி பயந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்வாரியின் வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அவள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.