புல்வெளியில் விரித்த வேட்டி

ஏலத்தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நாலாம் நாளாக நடந்துகொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், மீனாட்சிபுரம் பக்கம், மழை ஓய்ந்த ஒரு பகல். பரந்த புல்வெளியில் இரண்டு நீள வெள்ளைத் துணிகள் கிடந்தன. ஒன்றின் தலைமாட்டில் மற்றொன்று குறுக்காக. யாரோ காயப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, என் ஈர வேட்டியையும் முதல் துணியின் கால்மாட்டில் குறுக்காக விரித்தேன். கோவணத்தோடு அருகில் படுத்தேன். புல் அலையடித்தது, கண் சொருகியது.

இரைச்சலில் விழித்தபோது, ஒரு சிறிய விமானம் என்னை நோக்கி மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. கனவென்றே கிடந்தேன். தூரத்து மூங்கில் கோபுரத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. விமானம் உறுமி மேலேறியது. அதன் நிழல் குளிர்ச்சியாக என்மேல் ஊர்ந்து போயிற்று.

கோபுரத்துக்காரர் ஓடி வந்தார். “ஏய்யா, இதென்ன உன்ற ஊட்டுக் கொல்லையா? பிளேன் எறங்குற எடமய்யா இது! இந்தத் துணியப் பாத்துத்தான் எந்தப் பக்கமா எறங்கோணும்னு பிளேன் ஓட்டுறவருக்குத் தெரியும். நீ ரெண்டு பக்கமும் தலை வெச்சுட்டியே! காத்து பின்னால தள்ள எறங்கியிருந்தா, நிக்காம அந்தக் கோடி ஓடைக்குள்ள போயி ஆளே முடிஞ்சிருப்பாரு!”

வேட்டியைச் சுருட்டினேன். அவர் திரும்பிப் போய்ப் பச்சை விளக்கைக் காட்டியதும், விமானம் மறுபக்கத்திலிருந்து இறங்கியது. விமானி கோபத்தோடு வந்தார்.

“என்ற தப்புங்க. நாந்தான் துணியச் செரியாப் பாக்கலீங்க,” என்றார் கோபுரத்துக்காரர்.

பிறர் தப்புக்கு நான் அடி வாங்கியதுண்டு. என் தப்பை இன்னொருவர் வாங்கிக்கொண்டது அதுதான் முதல் முறை. அன்று மேற்கொண்டு நடக்கக் கால் எழவில்லை.

மறுநாள் காலை அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். காற்று திரும்பும்போதெல்லாம் அந்தத் துணியைத் திருப்பிப் போடும் வேலை.